பொம்மைக்கு வயது ஒன்பது

மக்களின் ஒழுக்கம் கைபேசி வழியாகக் கரைந்து போய்க்கொண்டிருக்கிறது என்பதை ஒருநாள் அரசு கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு அவையில் சட்டம் கொண்டுவந்தார்கள். ‘மின்வழி ஆபாசத் தடுப்பு மற்றும் இளையோர் உள்ளப் பாதுகாப்புச் சட்டம்’ என்று அதற்குப் பெயர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் இல்லாமல் எல்லா உறுப்பினர்களும் எழுந்து எழுந்து பேசினார்கள். ஒவ்வொருவரும், தாம் அப்படிப்பட்ட எதையும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று முதலில் சொல்லிக்கொண்டார்கள். பிறகு அதில் என்னென்ன இருக்கிறது என்று அரை மணி நேரம் விளக்கினார்கள். ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட விழவில்லை.

சட்டம் சொன்னது இதுதான். ஒரு பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆபாசம் இருந்தால், அதில் காட்டப்படுகிறவரின் வயதையும் அதைப் பார்க்கிறவரின் வயதையும் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் மூடப்படும். அதென்ன மூன்றில் ஒரு பங்கு என்று யாரும் கேட்கவில்லை. பாதி என்று வைத்தால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், கால்வாசி என்று வைத்தால் வாரப் பத்திரிகைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நடுவாக ஒரு இடத்தைப் பிடித்திருந்தார்கள்.

சட்டம் வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கை யார் அளப்பது என்ற கேள்வியும் வந்துவிட்டது. அளப்பது என்றதும் எல்லோருக்கும் எடை அளவைத் துறை ஞாபகத்துக்கு வந்தது. தராசெல்லாம் மின்தராசாக மாறிய பிறகு அந்தத் துறைக்கு வேலை குறைந்து, ஊழியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் அடிக்கோல் இருந்தது, முத்திரை இருந்தது, பெரிய கட்டடம் இருந்தது. பழைய பெயர்ப் பலகையை அழித்து அதன்மேல் ‘ஆபாசத் தடுப்பு இயக்ககம்’ என்று எழுதிவிட்டார்கள். அழித்தது சரியாக அழியாததால், வெயில் அடிக்கும்போது மட்டும் ‘சரியான எடை உங்கள் உரிமை’ என்று அடியில் தெரியும்.

இந்த ஏற்பாடெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது தையலக்கா ஒரு உள்பாடிக்குக் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

தையலக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்த அக்காவுக்கு ஒரு பக்க மார்பை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்கா, கைக்குட்டையை மடித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, அது நழுவுகிறதா என்று பார்த்துப் பார்த்தே கூனிப் போனாள். அதைக் காணப் பொறுக்காமல் தையலக்கா ஒரு உள்பாடி தைத்தாள். உள்பக்கம் ஒரு பை, அதற்குள் பஞ்சு, எடை சரியாக நிற்கக் கொஞ்சம் கடுகு. துவைக்கும்போது கடுகுப் பொட்டலத்தை எடுத்துவிட வேண்டும். அக்கா ஒருதரம் மறந்துபோய் அது முளைவிட்டுவிட்டது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்கா நிமிர்ந்து நடந்தாள். அவள் சொல்லி இன்னொருத்தி வந்தாள், அவள் சொல்லி வேறொருத்தி.

கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் மகள்தான் இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தாள். தையல் கடை பொம்மைக்கு உள்பாடியை மாட்டிப் படம் எடுத்துப் போட்டாள். பொம்மைக்குத் தலையும் கிடையாது, காலும் கிடையாது. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும்தான். படத்துக்குக் கீழே வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் போட்டாள்.

“முகவரி எதுக்குடீ அவ்வளவு பெருசா?” என்று தையலக்கா கேட்டதற்கு, “அப்பதாம்மா நம்புவாங்க. முகவரி இல்லாதவங்களை யாரு நம்புவா?” என்றாள் மகள்.

பேச வாய் வராத விஷயத்தைப் பெண்கள் எழுதிக் கேட்டார்கள். அளவு அனுப்பினார்கள். கடைசியாக எழுதியிருந்தவள் ஒரு டீச்சர். எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லை. ‘அறுவை முடிந்துவிட்டது, பள்ளி திறந்ததும் வகுப்புக்குப் போக வேண்டும், கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றே எத்தனை நாள் பாடம் நடத்துவது? பள்ளியில் யாருக்கும் தெரியாது, போன் செய்யாதீர்கள், முகவரியை அனுப்புகிறேன்’ என்று எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்துவிட்டுத் தையலக்கா வேறு வேலையெல்லாம் ஒதுக்கி வைத்து அவளுடையதைத் தைத்து முடித்தாள். முடித்த அன்று மகள் கைபேசியைக் காட்டினாள்.

“அம்மா, டீச்சர் முகவரி அனுப்பியிருக்காங்கன்னு காட்டுது. ஆனா திறக்க மாட்டேங்குது. பக்கத்தையே மூடிட்டாங்கம்மா.”

“யாரு மூடினது?”

“அரசாங்கம்.”

“நம்ம பக்கம்னு அரசாங்கத்துக்கு எப்படிடீ தெரியும்?” என்றாள் தையலக்கா. மறுநாள் தபாலில் வந்த நோட்டீசில் பதில் இருந்தது. ‘தாங்கள் தங்கள் பக்கத்தில் அன்புடன் தெரிவித்துள்ள முகவரிக்கு’ என்று தொடங்கியிருந்தார்கள்.

அவள் கணவர் தண்ணீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் வந்த வாரமே தெருக்காரர்கள் பண்பாட்டுக் காவல் குழு என்று ஒன்று ஆரம்பித்து அவரைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். அப்போது எல்லோரும் சட்டையில் ஒரு வட்ட பேட்ஜ் குத்திக்கொள்வது வழக்கமாகியிருந்தது. ‘நான் பார்ப்பதில்லை’ என்று அதில் எழுதியிருக்கும். முதலில் சின்னதாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெரியதாக வாங்கிக் குத்தியதும் இவர் அதைவிடப் பெரியதாக வாங்கினார். பேட்ஜ் இல்லாமல் காய்கறி வாங்கப் போன ஒரு மனிதரை, அப்படியானால் நீங்கள் பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டார்கள். அவர் ஓட்டமாக ஓடிப் போய் இரண்டு வாங்கிக் குத்திக்கொண்டார்.

நோட்டீசைப் படித்த கணவர் பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“செயலாளர் வீட்டுக்கே ஆபாச நோட்டீசு. நான் நாளைக்கு எப்படித் தெருவில நடப்பேன்?”

“உள்பாடி தைக்கிறது ஆபாசமாங்க?”

“தைக்கிறது இல்ல. காட்டுறது.”

“காட்டாம எப்படி விக்கிறது?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. முதல்ல இதைத் தலைமுழுகு. இந்த வயசுல நமக்கு எதுக்கு இன்டர்நெட்டு? நானெல்லாம் அந்தப் பக்கமே போறதில்ல.”

தையலக்கா பையில் நோட்டீசை எடுத்துக்கொண்டு இயக்ககத்துக்குப் போனாள். டீச்சருக்குப் பள்ளி திறக்கப் போகிறது என்பது ஒன்றுதான் அவள் மனசில் அரித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் பக்கத்தைத் திறந்துவிட்டால் போதும், முகவரியைப் பார்த்துக்கொண்டு மூடச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

இயக்ககத்தில் வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு திரை. ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் அடிக்கோலோடு ஒருவர். அறை முழுக்கச் சத்தமே இல்லை. அவ்வளவு ஈடுபாட்டோடு வேலை நடக்கும் அரசு அலுவலகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அவளுடைய கோப்பை வைத்திருந்த ஆய்வாளர் நல்ல மனிதர். சாந்தமான முகம். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், திரையைத் திருப்பிக் காட்டினார்.

“அம்மா, இதுதானே உங்க படம்? பாருங்க, நானே அளந்தது. மொத்த உயரம் இவ்வளவு. அதுல துணி மூடியிருக்கிறது இவ்வளவு. மூடாதது மூணுல ஒரு பங்கைத் தாண்டுது.”

“அது பொம்மை சார்.”

“பொம்மைதான். சட்டத்துல பொம்மைக்கு விலக்கு இல்ல. ஒரு தலையும் ரெண்டு காலும் இருந்து, கால்ல ஒரு பைஜாமாவும் போட்டிருந்தா மொத்த அளவு கூடி, விகிதம் குறைஞ்சிருக்கும். நீங்க பாதி பொம்மையாப் பார்த்து வாங்கியிருக்கீங்க. அதுதான் சிக்கல்.”

“முழு பொம்மை விலை அதிகம் சார்.”

“ஒழுக்கத்துக்கு விலை பார்க்கக் கூடாதும்மா,” என்றார் ஆய்வாளர் வருத்தமாக. “சரி, விகிதம் கூடினாலும் பரவாயில்ல. காட்டப்படுபவருக்கு வயசு வந்துருச்சுன்னு நிரூபிச்சுட்டா பக்கத்தைத் திறந்துடலாம்.”

“எந்தக் காட்டப்படுபவர்?”

“இவங்கதான்,” என்று அடிக்கோலால் பொம்மையைத் தொட்டுக் காட்டினார். “சாதாரணமா முகத்தைப் பார்த்து வயசைக் கணிக்கிற மெஷின் எங்ககிட்ட இருக்கு. இவங்களுக்கு முகம் இல்லாததால மெஷின் மூணு தடவை மன்னிப்புக் கேட்டுட்டு நின்னுபோச்சு.”

“பாத்தாலே தெரியலையா சார், பெரிய பொம்பளை பொம்மைன்னு?”

ஆய்வாளர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். “அம்மா, பார்த்து முடிவு பண்ற பழக்கம் எங்க துறையில கிடையாது. கடையில ஒரு எடைக்கல்லு பார்க்க ஒரு கிலோ மாதிரித்தான் இருக்கும். அப்படியே நம்பிடுவோமா? பில்லைக் கேட்போம். என்னிக்கு வாங்கினது, என்னிக்கு முத்திரை போட்டதுன்னு பார்ப்போம். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது அதுதான். பில்லு இருக்கா?”

பில் இருந்தது. தையலக்காவுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. வீட்டுக்குப் போய், தகர டப்பாவைக் கொட்டித் தேடி எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க மறுபடி வந்தாள். ஆய்வாளர் மகிழ்ச்சியாக வாங்கித் தேதியைப் பார்த்தார். பார்த்தவரின் முகம் மெல்ல மெல்லச் சுண்டிப் போனது. விரலை மடக்கி ஒருதரம் எண்ணினார். பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்து அவரையும் எண்ணச் சொன்னார்.

“என்ன சார்?”

“ஒன்பது வயசுதான் ஆகுதும்மா.”

“யாருக்கு?”

“குழந்தைக்கு,” என்றார் ஆய்வாளர் தாழ்ந்த குரலில்.

அதற்குப் பிறகு அந்த அறையில் அவளிடம் யாரும் முன்போலப் பேசவில்லை. கொடுத்த தண்ணீர்க் குவளையைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆய்வாளர் மட்டும் வாசல்வரை கூட வந்தார். “உங்க நல்லதுக்குத்தான் பில்லு கேட்டேன். நீங்க இல்லைன்னு சொல்லியிருக்கலாம்” என்று முணுமுணுத்தார்.

மறுநாள் இரண்டு பெண் காவலர்கள் வண்டியில் வந்தார்கள். பொம்மையைக் கம்பளியால் போர்த்தி, ஒருத்தி தோளைப் பிடிக்க ஒருத்தி இடுப்பைப் பிடிக்க, மெதுவாகப் படியிறக்கினார்கள். பயப்படாதே என்று ஒருத்தி சொன்னதைத் தையலக்கா தன் காதால் கேட்டாள். பண்பாட்டுக் காவல் குழு தெருவில் திரண்டு நின்றது. செயலாளர் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் நின்றார்.

இயக்ககத்தின் ஆணையருக்கு இது பெரிய ஆறுதல். சட்டம் வந்து இத்தனை நாளாகியும், சொல்லிக்கொள்ள ஒரு வெற்றி இல்லாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். மீட்கப்பட்ட குழந்தை என்று நகர மண்டபத்தில் கூட்டம் போட்டார். மேடையில் கம்பளி போர்த்திய பொம்மைக்கு ஒரு நாற்காலி. உட்கார வைக்க இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாததால் நாற்காலியின் மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆணையர் பேசும்போது குரல் தழுதழுத்தது. இந்தப் பிஞ்சு வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்றார். கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொம்மைக்குப் படிப்புச் செலவை ஏற்பதாக ஒரு வியாபாரி அறிவித்தார். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. குழந்தையின் அடையாளம் தெரியக் கூடாது என்று முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். முகம் இல்லாததால், கழுத்துக்கு மேலே இருந்த வெறும் காற்றை மங்கலாக்கியிருந்தார்கள்.

தையலக்காவின் மேல் வழக்குப் போடவில்லை. விவரம் தெரியாத பெண் என்று இரக்கம் காட்டி, எச்சரித்து விட்டுவிட்டார்கள். பக்கம் மட்டும் மூடியே இருந்தது.

அவளும் விடுவதாக இல்லை. விட்டால் ராத்தூக்கம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பொம்மைதானே தொந்தரவு, பொம்மை இல்லாமல் படம் எடுத்தால் என்ன என்று, டீச்சருக்குத் தைத்த உள்பாடியைக் கொடியில் காயப்போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனாள். ஆய்வாளர் அடிக்கோலை வைத்துப் பார்த்தார். அளப்பதற்கு ஒன்றும் இல்லை. அடிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

“அம்மா, இது கொடியில காயுது.”

“ஆமா சார்.”

“அப்போ இதைப் போட்டிருந்தவங்க இப்போ இதைப் போடலை.”

“ஆமா.”

“அப்போ அவங்க இந்த நேரத்துல எப்படி இருக்காங்க?”

தையலக்கா படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல முழுசா நூறு பங்கும் வந்துருது பாருங்க,” என்றார் ஆய்வாளர். “பொம்மைப் படமே தேவலை.”

“சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஒரு டீச்சரம்மா காத்துக்கிட்டிருக்காங்க. அவங்க முகவரி அந்தப் பக்கத்துக்குள்ள இருக்கு. நீங்களே திறந்து பார்த்து ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துடுங்க. நான் படத்தைப் பார்க்கவே மாட்டேன்.”

“மூடின பக்கத்தை நான் திறந்து பார்த்தா, நானே ஆபாசத்தைப் பார்த்த மாதிரி ஆகிடும்மா.”

“இங்கே எல்லாரும் அதைத்தானே பார்த்துக்கிட்டிருக்காங்க?”

ஆய்வாளர் திரும்பி மற்ற மேசைகளைப் பார்த்தார். யாரும் தலை நிமிரவில்லை.

“அதெல்லாம் மூடாத பக்கங்கம்மா.”

“அவ்வளவு மோசமானதையெல்லாம் ஏன் சார் இன்னும் மூடலை?”

“மூடின கையோட நோட்டீசு அனுப்பியாகணும்னு சட்டம் சொல்லுது. நோட்டீசு அனுப்ப முகவரி வேணும். அந்தக் கம்பெனிகள் எல்லாம் கடலுக்கு அப்பால ஏதோ தீவுல இருக்காம். பேரு கிடையாது, ஊரு கிடையாது. இதுவரைக்கும் முகவரி போட்டு, நோட்டீசு வாங்கி, நேர்ல வந்து, பில்லும் காட்டின ஒரே ஆளு நீங்கதான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. நீங்க முகவரி போடாம இருந்திருந்தா நான் ஒண்ணுமே பண்ணியிருக்க முடியாது.”

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். மகள் கைபேசியை எடுத்து, டீச்சர் இப்போது என்ன எழுதித் தேடுவாளோ அந்த வார்த்தைகளை எழுதித் தேடிப் பார்த்தாள். முன்பெல்லாம் முதலில் அவர்கள் பக்கம் வரும். இப்போது வந்தவற்றைப் பார்த்ததும் மகள் கைபேசியைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

“என்னடீ வருது?”

“தீவுக்காரங்க வர்றாங்கம்மா.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு பெண் தன் குறையை எழுதித் தேடினால், அவளுக்கு அரசாங்கம் விட்டுவைத்திருப்பது இதுதான்.

“சரி,” என்றாள் தையலக்கா. “டீச்சர் தேடிக்கிட்டு அங்கேதானே போவாங்க? நாமளும் அங்கேயே போயிடுவோம்.”

“எங்கேம்மா?”

“தீவுக்கு.”

மகள் அன்றைக்கே வேலையில் இறங்கினாள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அரசாங்கத்தில் ஒரு வேலைகூட அவ்வளவு சீக்கிரம் முடிந்து தையலக்கா பார்த்ததில்லை.

“பேரு கேட்கலை, முகவரி கேட்கலை, பில்லு கேட்கலைம்மா. ஒரே ஒரு கேள்விதான். உங்கள் பக்கத்தில் ஆபாசம் உள்ளதான்னு.”

“இல்லைன்னு போட்டியா?”

“போட்டேன். சேர்த்துக்க மாட்டோம்னுட்டாங்க. அதனால ஆமான்னு போட்டேன்.”

“ஐயையோ.”

“அப்புறம் எந்தப் பிரிவுன்னு கேட்டுது. ஏகப்பட்டது இருந்துதும்மா. படிச்சாலே காது கூசுது. கடைசியா ‘இதர’ன்னு ஒண்ணு இருந்துது. அதுல போட்டுட்டேன்.”

படத்துக்குப் பொம்மை இல்லை. படுக்கையிலிருந்த ஒரு தலையணையைக் கயிறு கட்டி இடுப்புப் பிடித்து, அதற்கு உள்பாடியை மாட்டிப் படம் எடுத்தார்கள். தீவுக்காரர்கள் மேலே ஒரு சிவப்புப் பட்டையை அவர்களாகவே ஒட்டினார்கள். ‘எதையும் மறைக்கவில்லை’ என்று அதில் எழுதியிருந்தது. அது பொய்யில்லை என்று தையலக்கா தன்னைத் தேற்றிக்கொண்டாள். பையை எங்கே தைத்திருக்கிறது, கடுகு எவ்வளவு என்றெல்லாம் விவரமாக எழுதித்தானே இருக்கிறது? கணவரிடம் மட்டும் மூச்சு விடவில்லை. கடையை ஏறக்கட்டியாயிற்று என்று நினைத்து அவர் நிம்மதியாக இருந்தார். பேட்ஜைச் சோப்புப் போட்டுக் கழுவிக் குத்திக்கொண்டார்.

பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது டீச்சர் எழுதினாள்.

‘அம்மா, உங்களைத் தேடித் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். எதையெதையெல்லாமோ தாண்டி வந்தேன். என் கல்யாண வாழ்க்கை மொத்தத்திலும் இவ்வளவு பார்த்ததில்லை. நடுவில் இரண்டு இடத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முகவரி கீழே இருக்கிறது. சீக்கிரம் அனுப்புங்கள்.’

தையலக்கா அன்று மதியமே பொட்டலம் கட்டித் தபாலில் சேர்த்தாள். பள்ளி திறந்த அன்று மாலை ஒரே ஒரு வரி வந்தது. ‘பிள்ளைகளைப் பார்த்துப் பாடம் நடத்தினேன்.’ மகள் அதை இரண்டு தடவை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் தையலக்காவுக்குச் சோறு இறங்கியது.

மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக அந்த வழியாகவே வந்து சேர்ந்தார்கள். தையலக்கா பழையபடி தைக்க உட்கார்ந்தாள். ஆனாலும் வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தைத்துக்கொண்டிருந்ததைத் துணிக்கு அடியில் மறைத்தாள். தபால்காரர் பக்கத்து வீட்டுக்குப் போனாலும் இவள் எழுந்து நின்றாள்.

ஒருநாள் காலையில் வாசலில் ஆய்வாளரே வந்து நின்றார். தையலக்கா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தையல் மெஷின்மேல் பாதி தைத்த உள்பாடி கிடந்தது. ஆய்வாளர் அதை ஒருதரம் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

“தீவுல ஒரு பக்கம் இருக்குன்னு எங்களுக்குப் புகார் வந்திருக்கும்மா.”

“சார்.”

“ஒண்ணு ரெண்டு இல்ல. கட்டுக்கட்டா வந்திருக்கு. இயக்ககம் ஆரம்பிச்சதுலேருந்து ஒரு பக்கத்து மேலயும் இத்தனை புகார் வந்ததில்ல. உள்ளே ஆபாசம் இருக்குன்னு வெளியே போட்டிருக்கு, பணம் கட்டித் திறந்து பார்த்தா உள்ளே ஒரு ஆபாசமும் இல்ல, பஞ்சும் கடுகும் தையல் குறிப்பும்தான் இருக்குன்னு எழுதியிருக்காங்க. உறையில சொன்ன சரக்கு உள்ளே இல்லைன்னா அது எங்களோட பழைய எடைச் சட்டப்படி குத்தம். எங்காளுங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். எத்தனையோ நாளைக்கப்புறம் தெரிஞ்ச வேலை வந்திருக்குன்னு அடிக்கோலைத் தூக்கிப் போட்டுட்டு எழுந்து வந்துட்டாங்க.”

“பணமா? நாங்க யார்கிட்டயும் பணம் வாங்கலையே சார்.”

“அது தீவுக்காரங்க வாசல்ல வாங்கிக்கிறது. அதை விடுங்க.” ஆய்வாளர் தண்ணீரைக் குடித்துக் குவளையைக் கீழே வைத்தார். “விசாரிச்சுப் பார்த்ததுல, அந்தப் பக்கத்தை நடத்துறவங்களுக்குப் பேரு, முகவரி எதுவும் இல்ல. எங்கே இருக்காங்கன்னே கண்டுபிடிக்க முடியலை. அதனால அவங்க மேல மேற்கொண்டு நடவடிக்கைக்கு வழியில்லைன்னு நானே எழுதிட்டேன்.”

அவள் முன்னால் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அதை அவர் சொன்னார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தையலக்காவுக்கு அழுகை வரும்போல இருந்தது.

“அப்போ முடிஞ்சுதா சார்?”

“எங்கேம்மா முடிஞ்சுது? ஆணையருக்கு நடவடிக்கை வேணும். யார் மேலயாவது எடுக்கணும்னா முகவரி வேணும். புகார் கொடுத்தவங்க எல்லாரும் பொறுப்பான குடிமக்கள். பேரு, பதவி, வீட்டு எண், தெரு எல்லாம் சுத்தமா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. வயசை நிரூபிக்காம அப்படிப்பட்ட பக்கத்துக்குள்ள போனதா அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. பார்க்கிறவரும் வயசை நிரூபிக்கணும்னு சட்டம் இருக்கில்லையா? அதனால ஒருத்தர் விடாம அவங்களுக்கு அனுப்பிட்டோம். முதல் நோட்டீசு எங்க ஆணையருக்கே போச்சு. அவர் ஆய்வுக்காகப் போனதா சொல்றார். எல்லாரும் ஆய்வுக்காகத்தான் போயிருக்காங்க. உங்க தெருவுல மட்டும் பதினோரு பேரு.”

“இந்தத் தெருவுலயா?”

“ஆமா. நேர்ல கொடுத்துடலாம்னு நானே கிளம்பி வந்தேன்.” பைக்குள் கையை விட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “‘எதையும் மறைக்கவில்லை என்று பொய் வாக்குறுதி அளித்து, உள்ளே ஒரு தலையணைக்கு உடுப்பு மாட்டிக் காட்டி என்னை மிகுந்த ஏமாற்றத்துக்கும் மன உளைச்சலுக்கும் உள்ளாக்கிய மோசடிக் கும்பலைக் கண்டுபிடித்துத் தக்க தண்டனை வழங்க வேண்டும். இப்படிக்கு, செயலாளர், பண்பாட்டுக் காவல் குழு.’”

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே கிளம்புவதற்காகத் தேய்த்து மாட்டிய சட்டை சுவரில் தொங்கியது. பேட்ஜும் அதில் தயாராகக் குத்தியிருந்தது.

“முப்பது வருஷமா தினமும் தலை வைக்கிற தலையணை சார்,” என்றாள் தையலக்கா. “அதைக்கூட அடையாளம் தெரியலை.”

ஆய்வாளர் புகாரை மடித்துப் பைக்குள் வைத்தார். நோட்டீசை வெளியே எடுத்து முகவரியைச் சரிபார்த்தார்.

“முகவரி இதுதானேம்மா?”

“அவருக்கு இதுதான் சார்.”

எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

“என்னங்க, சீக்கிரம் வாங்க. உங்க வயசை நிரூபிக்கணுமாம். நீங்க பிறந்தப்போ பில்லு ஏதாவது போட்டாங்களா?”